கீர்த்தனாவுக்கு எடுத்து வைத்த சீட்டு

ஐதராபாத்
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிரியா எழுதறேன். நீ, மாமா, கீர்த்தனா மூணு பேரும் சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. பொழுது சாஞ்சா கண்ணு மட்டும் எரியுது. நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பாத்தா எரியத்தானே செய்யும்.

பொங்கலுக்கு வந்துட்டுத் திரும்பினதுல இருந்து ஆறு தடவை போன் பண்ணிட்டேன். நீ ஒரு தடவையும் பேசல. கீர்த்தனா எடுத்து, "அம்மா குளிக்கறாங்க சித்தி"ங்கறா. மத்தியானம் மூணு மணிக்கு என்னக்கா குளியல்? அதனாலதான் எழுதறேன். கடிதாசியைக் கிழிச்சுப் போடறதுன்னாலும் அதுக்குள்ள ரெண்டு வரியாவது கண்ணுல படுமில்ல.

நீ எதுக்குப் பேசறதில்லைன்னு எனக்குத் தெரியும். பெரியப்பா கீர்த்தனாகிட்ட, "பெருசானா என்ன ஆகப்போறே கண்ணு?"ன்னு கேட்டாரு. "சித்தி மாதிரி சினிமாவுக்கு கிராபிக்ஸ் பண்ணுவேன். அம்மா மாதிரி பனியன் கம்பெனியில நின்னுட்டே இருக்க மாட்டேன்"னு அவ சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். நீ காபி டம்ளரை எடுத்துட்டு உள்ள போனவ, நான் பஸ் ஏறுற வரைக்கும் வெளிய வரல. பன்னண்டு வயசுப் புள்ளை பேசினதுக்குச் சிரிச்சேன்க்கா, உன்னைப் பாத்துச் சிரிக்கல. ஆனாலும் சிரிச்சிருக்கக் கூடாது.

ஒரு சேதி. 'நெடுவான்' படத்தோட ரெண்டாம் பாகம் தீபாவளிக்கு வர்றது உறுதியாயிடுச்சு. மொதல் பாகம் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. அன்னைக்கு நீதான் என்னைக் கூட்டிட்டுப் போனே. விண்கலத்தோட கதவு சாத்திக்கும், மெக்கானிக் ஆதிரை மட்டும் வெளிய நின்னுடுவா, அதோட படம் முடிஞ்சு போகும். அவ உசுரோட இருக்காளா இல்லையான்னு ஊரே கேக்கற படத்துல எனக்கு வேலை கெடைச்சிருக்குன்னா, எனக்கே இன்னும் நம்ப முடியல.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு. ரெண்டு வரி எழுது.

உன் தங்கச்சி,
பிரியா


திருப்பூர்
16.2.2025

பிரியாவுக்கு,

சித்ரா எழுதியது. கடுதாசி வந்து சேர்ந்தது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்க மாமாவுக்குச் சளி, கஷாயம் வெச்சுக் குடுத்திருக்கேன். உன் கண்ணுக்கு, ராத்திரி படுக்கறப்போ துணியைப் பச்சத் தண்ணியில நனைச்சுப் போட்டுக்கோ.

எனக்குக் கோவமெல்லாம் இல்ல. பிரான்சுக்குப் போற கொழந்தைத் துணி ஓடிட்டிருக்குது. செக்கிங்ல இருபது பேரு எனக்குக் கீழ. ஒரு பீஸ்ல ஊசி ஓட்டை தப்பிப் போனாலும் பெட்டி பெட்டியாத் திருப்பி அனுப்பிருவாங்க. போனைப் பாக்க எங்க நேரம்? நீ சிரிச்சதை நான் கவனிக்கவே இல்ல.

கீர்த்தனா பீரோ மேல அந்தப் படத்தோட போஸ்டரை ஒட்டி, பக்கத்துல தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்னு தாள் தாளா எழுதி வெச்சிருக்கா. காலையில கண்ணு முழிச்சதும் ஒண்ணைக் கிழிக்கறா. இன்னைக்கு எரநூத்தி நாப்பத்தாறாம். நான் காபி குடிக்கறதுக்கு முன்னாடி அதைக் கேட்டாகோணும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்புடு. எளைச்சுப் போயிருந்தே.

சித்ரா


திருப்பூர்
9.3.2025

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கீர்த்தனா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? அம்மா போன் பேசினால் நீளமாகப் பேசக் கூடாது என்கிறார்கள். அதனால் நானும் உங்களைப் போல கடிதம் எழுதுகிறேன்.

சித்தி, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆதிரை செத்துவிட்டாள் என்கிறார்கள். பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். எங்க சித்திக்குத் தெரியும் என்று சொன்னேன். தமிழ் மிஸ்ஸே வந்து கேட்டார்கள். நீங்கள் யாருக்கும் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று அப்பா சொன்னார். எனக்கு மட்டும் சொல்ல முடியாதா? சரி, வேண்டாம்.

நான் ஒரு விண்கலம் வரைந்தேன். அம்மாவிடம் காட்டினேன். "நிழல் தப்பா விழுது, வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு மொதல்ல பாரு"ன்னு சொல்லி பென்சிலை வாங்கினாங்க. அஞ்சே நிமிஷம்தான் சித்தி, நிஜமா பறக்கற மாதிரி ஆயிருச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "சித்தி மாதிரியே வரையறீங்கம்மா"ன்னு சொன்னேன். அம்மா பென்சிலைக் கீழ வெச்சுட்டு, அடுப்புல பால் இருக்குன்னு போயிட்டாங்க. அடுப்பில் பால் இல்லை. நான் பார்த்தேன்.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் ஆபீசில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு அன்பு மகள்,
கீர்த்தனா, 7 ஆ


ஐதராபாத்
6.4.2025

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கே? மாமா சளி போச்சா? இங்க வெயில் கொளுத்துது, மத்தபடி சௌக்கியம்.

கீர்த்தனா அனுப்பின படத்தை என் மேசைக்கு எதிர ஒட்டியிருக்கேன். பாத்ததுமே நிழல் உன்னோடதுன்னு தெரிஞ்சிருச்சு. அக்கா, அவகிட்ட ஒண்ணு சொல்லீடு. நீ என்னை மாதிரி வரையல, நான்தான் உன்னை மாதிரி வரையறேன். வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு மொதல்ல பாக்கச் சொல்லி என் தலையில கொட்டினது நீதானே. நான் சொன்னா அடக்கமாப் பேசறேன்னு நினைப்பா. நீயே சொல்லு.

என்ன வேலை பாக்கறேன்னு போன்ல கேட்டிருந்தா. பெருசா ஒண்ணுமில்ல. தூசி. ஆதிரையோட தலைக்கவசக் கண்ணாடி மேல தூசி வந்து படியும், அவ கையால தொடைப்பா, மறுபடி படியும். படத்துல நாப்பது செகண்ட் வருது. எனக்கு ஏழு மாசம் ஆச்சு. கலத்தை நான் செஞ்சேன்னு அவ பள்ளிக்கூடத்துல சொல்லியிருந்தா, தூசின்னு திருத்திடு.

ஆபீசுல கொஞ்சம் மாத்தம் நடக்குது. நீ வெசனப்படற மாதிரி ஒண்ணுமில்ல.

நான் அவகூடப் பேசறது உனக்குச் சங்கடமா இருந்தா சொல்லீடுக்கா. குறைச்சுக்கறேன்.

பிரியா


திருப்பூர்
8.6.2025

பிரியாவுக்கு,

சித்ரா. பதில் போட நாளாயிருச்சு. எல்லாரும் நலம். மழை ரெண்டு நாளாப் பேஞ்சு இப்பத்தான் நின்னுது. நீ நல்லா இருக்கியா?

சங்கடமா இருந்தா சொல்லுன்னு எழுதியிருந்தே. எனக்கென்ன சங்கடம்? நீ பேசு. நாள் பூரா பேசு. இங்க எல்லாரும் உன்னைப் பத்தித்தானே பேசறாங்க.

எங்க கம்பெனியில கட்டிங் மாஸ்டர் வேல்குமார் இருக்கறாரே, அவருதான் இந்தப் படத்து ரசிகருங்களுக்குத் தலைவரு. தீபாவளிக்கு மொத்தக் குடும்பங்களும் ஒட்டுக்காப் போறதாம், நாப்பது சீட்டு. பெரியவங்க கொழந்தைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி டி-சர்ட். நம்மூட்டுப் பிரிண்டிங் பட்டறையிலதான் உங்க மாமா அடிக்கப் போறாரு. பதினாறு வருஷமா அங்க வேலை பாக்கறேன். என்கிட்ட 'வணக்கங்க'ங்கறதுக்கு மேல பேசாத மனுசன், போன வாரம் சேர் எடுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம், உங்க தங்கச்சியை எங்களுக்காக ஒரு வீடியோ பேசச் சொல்லோணுங்க"ன்னாரு. உனக்கு நேரமில்லைன்னு சொல்லீட்டேன். உன்னைக் கேக்காமயே சொல்லீட்டேன். கேக்கோணும்னு தோணல.

கீர்த்தனாகிட்ட நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது? சென்னை ஓவியக் கல்லூரியில எடம் கெடைச்சுப் போனவ நான். அப்பாவுக்கு அன்னைக்கு மட்டும் நெஞ்சுவலி வராம இருந்திருந்தா நானும் படிச்சு முடிச்சு எங்கயோ இருந்திருப்பேன். அந்த மேசையும் கம்ப்யூட்டரும் யாருக்கு வந்திருக்கோணும்னு சில நாள் நினைச்சுக்குவேன். பொறவு வேலை வந்துரும், மறந்துருவேன்.

ஒடம்பைப் பாத்துக்கோ.

சித்ரா


ஐதராபாத்
27.8.2025

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் கீர்த்தனாவும் நல்லா இருக்கோணும்னு சாமியைக் கும்பிட்டுட்டு எழுதறேன். ரெண்டரை மாசமா எழுதாம இருந்ததுக்குக் கோவிச்சுக்காதே. வேலை, வேற ஒண்ணுமில்ல. முகவரி மாறியிருக்கு, கவர் மேல பாத்துக்கோ. இந்த ரூம் சின்னது, ஆனா காத்து வருது.

அக்கா, நல்ல சேதி சொல்றேன். அக்டோபர் அஞ்சாம் தேதி ஞாயித்துக்கெழமை, வெளியாறதுக்கு முன்னாடியே, வேலை பாத்தவங்களுக்கும் குடும்பத்துக்கும் இங்க படத்தைப் போட்டுக் காட்டறாங்க. ஆளுக்கு ரெண்டே சீட்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு கீர்த்தனாவுக்குன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க மூணு பேரும் வர்ற மாதிரி ரயில் டிக்கெட் எடுத்து இதோட வெச்சிருக்கேன். திருப்பூர்ல ஏறினா நேரா இங்க வந்து எறங்கலாம். காலாண்டு லீவுதான் அப்போ.

போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா அவ காதுல விழுந்தா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பா, அப்பறம் நீ வேண்டாம்னு சொன்னா உன்னைத்தான் வில்லியாப் பாப்பா. அதனால மொதல்ல உன்னைக் கேக்கறேன். நீ சரின்னா நீயே அவகிட்டச் சொல்லு. உன் வாயாலதான் அவ கேக்கோணும்.

நான் செஞ்சது நாப்பது செகண்டுதான். அதைப் பாக்கறப்போ நம்மூட்டு ஆள் ஒருத்தராவது பக்கத்துல இருக்கோணும்னு ஆசையா இருக்கு. வேறெதுவும் கேக்கல.

பதில் சீக்கிரம் போடு.

பிரியா


திருப்பூர்
7.9.2025

பிரியாவுக்கு,

சித்ரா எழுதறேன். நலம்தான். நீயும் நல்லா இருப்பே.

டிக்கெட் வந்தது. கீர்த்தனாகிட்டக் கேட்டேன். இல்லம்மா வேண்டாங்கறா. இந்த வருஷம் பள்ளிக்கூடத்துல எறிபந்துல சேர்ந்ததுல இருந்து அவளுக்கு அதுமேலதான் பைத்தியம். படத்து மேல முன்ன மாதிரி ஆசையில்ல. இந்த வயசுல மாசத்துக்கு ஒண்ணு மாறும், நீ மனசுல வெச்சுக்காதே. அந்த லீவுல அவளுக்குப் பயிற்சி இருக்குதாம். உங்க மாமாவுக்கும் தீபாவளி ஆர்டர்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கேன், கேன்சல் பண்ணிக்கோ. சீட்டு வீணாப் போக வேண்டாம், அங்க யாராவது இருப்பாங்க.

சித்ரா


ஐதராபாத்
15.9.2025

அன்புள்ள அக்கா,

கடிதாசி கெடைச்சுது. சரிக்கா. எறிபந்து நல்லா ஆடச் சொல்லு. பெரியவளாகறா, இல்லையா.

எல்லாரும் ஒடம்பைப் பாத்துக்கோங்க.

பிரியா


திருப்பூர்
9.10.2025

பிரியா,

நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. இருந்தாலும் கேக்கறேன். நல்லா இருக்கியா?

திங்கக்கெழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து கீர்த்தனா அவங்கப்பா போனை எடுத்தா. நீ போட்ட போட்டோ வந்துச்சு. பெரிய போஸ்டருக்கு முன்னாடி நீ நிக்கறே, உன் பக்கத்துல நீலச் சுடிதார்ல ஒரு பொண்ணு, இவ வயசுதான் இருக்கும். இவ அதைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தா. என்கிட்ட வந்து, "சித்தி என்னைக் கேக்கவே இல்லையாம்மா?"ன்னா.

நான் அப்பக்கூட வாயைத் தொறந்து உண்மையைச் சொல்லல. "அவங்களுக்கு அங்க ஆளுங்க இருப்பாங்கல்ல கண்ணு"ன்னு சொன்னேன்.

அவ அழுதிருந்தா எனக்கு இவ்வளவு ஆயிருக்காது. நேராப் போயி பீரோ மேல இருந்த போஸ்டரைக் கிழியாம நகத்தால எடுத்தா. மிச்சமிருந்த பதினாலு நாள் தாளையும் எடுத்தா. பக்கத்தூட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டு வந்து, நான் துணி மடிச்சுட்டிருந்த எடத்துல உக்காந்து தானும் ரெண்டு துணியை மடிச்சா. "நானும் பத்தாவது முடிச்சதும் உங்க கம்பெனிக்கே வந்துடறேன்மா. செக்கிங் எனக்கும் நல்லா வரும்"னா.

பொங்கல்ல இருந்து நான் கேக்கோணும்னு இருந்தது அதுதான் பிரியா. அவ வாயில இருந்து அது வரோணும்னுதான் இத்தனையும் பண்ணேன். வந்தப்போ எந்திரிச்சுக் குளியலறைக்குப் போயி தண்ணியைத் தொறந்துவிட்டுட்டு நின்னேன்.

நான் அவகிட்டக் கேக்கவே இல்ல. உன் கடுதாசியைக் காட்டல. எறிபந்தெல்லாம் பொய். பள்ளிக்கூடத்துல அவ எந்த விளையாட்டுலயும் இல்ல. நீ அனுப்பின டிக்கெட்டைக் கையில வெச்சுட்டு ஒரு வாரம் இருந்தேன். உன் பக்கத்துல உக்காந்து அவ அந்தத் தூசியைப் பாப்பா, திரும்பி உன் மூஞ்சியைப் பாப்பா, அந்தப் பார்வை இனி இந்த ஊட்டுல யாருக்கும் கெடைக்காதுன்னு தோணுச்சு. எனக்கு வயித்தெரிச்சல். இத்தனை வருஷமா அதுக்கு வேற வேற பேரு வெச்சுட்டு இருந்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வரல. அதையும் சொல்லீடறேன். சென்னையில பதினோரு நாள் இருந்தேன். கூடப் படிக்க வந்தவங்கல்லாம் எனக்கு மேல வரைஞ்சாங்க. எங்க ஸ்கூல்ல நான்தான் ஒசத்தி, அங்க நான் கடைசி. பயந்துபோயி அப்பாவுக்குப் போன் பண்ணி அழுதேன். அவரு வந்து கூட்டிட்டு வந்தாரு. ஊருக்கு அவர் மேல பழியைப் போட்டுச் சொல்லிக்கிட்டோம். என்னை யாரும் தடுக்கல. நானேதான் வந்தேன். நீ பயப்படாம அங்கயே இருந்தே. எனக்கு எரியறது உன் வேலையைப் பாத்து இல்ல, அதைப் பாத்துத்தான்.

நேத்து கீர்த்தனாகிட்ட எல்லாத்தையும் சொல்லீட்டேன். சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவங்கப்பாகிட்ட மட்டும் பேசறா. உங்க மாமாவும் என்னை ஒரு மாதிரியாப் பாக்கறாரு. நீயும் என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.

சித்ரா


ஐதராபாத்
13.10.2025

அக்கா,

உன் கடிதாசி கூரியர்ல சனிக்கெழமை வந்துச்சு. ரெண்டு நாள் வெச்சுட்டுத்தான் எழுதறேன். உடனே எழுதியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன்.

எனக்குக் கோவம் இருக்கு. பரவால்லக்கான்னு எழுத எனக்கு வரல. அந்தச் சீட்டு எனக்கு என்னன்னு உனக்குத் தெரியாது. தெரியாதது என் தப்பும்தான், நான் சொல்லல. ஜூலை மாசமே எங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. படத்துல எங்க பாகம் முடிஞ்சுது, அடுத்த படம் அவங்களுக்கு வரல, நாப்பது பேரை ஒரே நாள்ல போகச் சொல்லீட்டாங்க. மூணு மாசமா எனக்கு வேலையில்ல. ரூம் மாத்தினது அதனாலதான். ஊருக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்கல்லாம் என்னை எங்க வெச்சுப் பாக்கறீங்கன்னு தெரிஞ்சுட்டு எப்படிச் சொல்றது? ஏழு மாசம் தூசி போட்டதுக்கு எனக்குன்னு மிஞ்சினது அந்த ரெண்டு சீட்டு. போட்டோவுல இருக்கறது என்கூட வேலை போன சித்ரகலாவோட பொண்ணு. நல்ல புள்ளை. நாப்பது செகண்டும் அது பாப்கார்ன் பாத்துட்டிருந்துச்சு.

பதினோரு நாள் கதை எனக்கு அப்பவே தெரியும். உன்னைக் கூட்டிட்டு வர சென்னை ஸ்டேஷனுக்கு அப்பா என்னையும்தானே கூட்டிட்டு வந்தாரு. "எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம் சாமி, நீ அழுவாதே"ன்னு அவரு சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டேன். எனக்குப் பதினொரு வயசு. யார்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்டயும். நான் இங்க வந்த மொத வருஷம் தினமும் பொட்டி கட்டினேன்க்கா. பயப்படாம இருக்கல. நானும் ஓடி வந்தா, ஓடி வந்தவங்கற எடத்துல ஏற்கெனவே நீ இருக்கே, எனக்கு எடம் இருக்காதுன்னு இருந்துட்டேன்.

இன்னொண்ணு. அஞ்சாம் தேதி போட்டுக் காட்டின படத்துல பேர்ப் பட்டியல் இல்ல, இன்னும் சேர்க்கலைன்னாங்க. பாதியில போனவங்க பேரைப் போடுவாங்களோ மாட்டாங்களோ, யாருக்கும் தெரியல. தீபாவளி அன்னைக்கு இங்க டிக்கெட் எடுத்துத் தனியாப் போயி அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. நீங்க போனா பாருங்க. இல்லைன்னாலும் இல்லைன்னு எழுதுங்க.

கீர்த்தனாகிட்ட இதைப் படிச்சுக் காட்டு. எல்லாத்தையும், வேலை போனது உட்பட.

பிரியா


திருப்பூர்
23.10.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

அக்கா எழுதறேன். மூணு பேரும் ஒடம்புக்கு நல்லா இருக்கோம். நீ தீபாவளி அன்னைக்கு எண்ணெ தேய்ச்சுக் குளிச்சியா, ஏதாவது சாப்பிட்டியான்னு உங்க மாமா ரெண்டு தடவை கேட்டுட்டாரு.

உன் கடுதாசியைக் கீர்த்தனாகிட்டப் படிச்சுக் காட்டினேன். ஒரு வாரம் பேசாம இருந்தவ, முடிச்சதும், "சித்தி பேர் வருதான்னு பாக்கோணும்"னு மட்டும் சொன்னா. அதனால தீபாவளி அன்னைக்குப் பகல் காட்சிக்குப் போனோம். வேல்குமார் குடும்பம், இன்னும் பத்துக் குடும்பம், எல்லாம் கறுப்பு டி-சர்ட். கைக்கொழந்தைக்குக்கூட ஒண்ணு அடிச்சிருந்தாரு உங்க மாமா.

உன் தூசி வந்துச்சு. ஆதிரை தொடைக்கறா, படியுது, மறுபடி தொடைக்கறா. தியேட்டர்ல அத்தனை சத்தம் போட்டுட்டிருந்தவங்க அந்த எடத்துல மூச்சு விடல. வெளிச்சம் எடது பக்கம் இருந்து வருது. நிழல் சரியா விழுது. நான் பாத்துட்டேன்.

படம் முடிஞ்சு 'நன்றி'ன்னு வந்ததும் லைட்டைப் போட்டுட்டாங்க. கதவைத் தொறந்துட்டாங்க. பேர் ஓட ஆரம்பிச்சு நாலு வரியில திரை வெள்ளையாயிருச்சு. கீர்த்தனா சீட்டு மேல ஏறி நின்னுட்டு அழ ஆரம்பிச்சுட்டா. நான் கூட்டத்துக்குள்ள புகுந்து மாடியில ஆபரேட்டர் ரூமுக்குப் போயிட்டேன். நஞ்சப்பன்னு ஒரு பெரியவரு.

"ஏனுங்க, பேரையும் ஓட்டுங்க"ன்னேன்.

"அதெல்லாம் ஆரு பாக்கறாங்கம்மணி? அடுத்த ஷோவுக்குக் கூட்டிப் பெருக்கோணும்."

"எங்க தங்கச்சி பேரு வருதுங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க"ன்னு சிரிச்சாரு. அதுக்குள்ள உங்க மாமா பின்னாடி வந்து, "வா சித்ரா, அசிங்கமா இருக்குது"ன்னு கையப் புடிச்சாரு. நான் நகரல. "அவ ஏழு மாசம் வேலை செஞ்சா, பாதியில அனுப்பிட்டாங்க. அவ பேரு இருக்குதா இல்லையான்னு அவளுக்கே தெரியாது. நான் போயி அவளுக்குச் சொல்லோணும்"னு சொன்னேன். கத்தினேன்னு உங்க மாமா சொல்றாரு. அந்தப் பெரியவரு சிரிப்பை நிறுத்திட்டு, "அடுத்த ஆட்டம் முடியற நேரத்துக்கு வாங்க. கடைசி வரைக்கும் ஓட்டறேன்"னாரு.

மூணு மணி நேரம் எதிர்த்தாப்பல பேக்கரியில உக்காந்திருந்தோம். உங்க மாமா பட்டாசு வாங்கப் போயிட்டாரு. நானும் கீர்த்தனாவும்தான். டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தேன். பன்னைப் பிச்சுப் பிச்சு வெச்சாளே தவிர திங்கல. அப்பறம், "எதுக்கும்மா பொய் சொன்னீங்க?"ன்னு கேட்டா.

"உன்னை அவ எடுத்துட்டுப் போயிருவாளோன்னு பயமா இருந்துச்சு."

"நான் என்ன சாமானா, எடுத்துட்டுப் போறதுக்கு?"

நான் டீயை அவ பக்கம் நகர்த்தினேன். அவ அதைத் தொடாம, "சித்திக்கு வேலை போனது உங்களுக்குச் சந்தோஷமா?"ன்னா. பொய் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். "படிச்சப்போ ஒரு நிமிஷம் இருந்துச்சு. அப்பறம் அழுவாச்சி வந்துச்சு"ன்னேன். அவ என்னை நேராப் பாத்தா, எத்தனையோ நாளைக்கப்பறம். பன்னுல பாதியை என் பக்கம் தள்ளினா.

ஆட்டம் முடியறப்போ உள்ள விட்டாங்க. கூட்டம் எங்களைத் தள்ளிட்டு வெளிய போகுது, நாங்க ரெண்டு பேரு உள்ள போறோம். பெருக்கறவங்க வெளக்கமாத்தை வெச்சுட்டு நின்னாங்க. பேர் ஓடுச்சு. நாலு நாலு வரிசையா, பொடி எழுத்து. கீர்த்தனா, "வேகமாப் போகுதும்மா, வேகமாப் போகுது"ங்கறா. பதினாறு வருஷமா துணியில ஊசி ஓட்டை தேடற கண்ணு எனக்கு. மூணாவது வரிசையில, சித்ரகலாவுக்குக் கீழ, சண்முகப்பிரியா நாச்சிமுத்து. அப்பா பேரும் சேர்ந்து. இருக்குது பிரியா. உன் பேரு இருக்குது.

அந்த எடத்தைக் கையக் காட்டி அவளுக்குக் காட்டினேன். அவ கை தட்டினா. அவ தட்டறதைப் பாத்துப் பெருக்கற அம்மாவும் தட்டுச்சு. நானும் தட்டினேன். உன் பேரைப் பாத்ததும் மொதல்ல எனக்குச் சந்தோஷம் வரல. மொதல்ல வந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். சந்தோஷம் அதுக்கு நாலஞ்சு பேர் தள்ளி வந்துச்சு. வந்துச்சு.

வேலை கெடைக்கற வரைக்கும் அந்த ரூம்ல தனியா இருக்காதே. இங்க வா. வந்தா கீர்த்தனா உன் பின்னாடியேதான் சுத்துவா, என்னைத் திரும்பியும் பாக்க மாட்டா. எனக்கு எரியத்தான் செய்யும். அதுக்காக வராம இருந்துடாதே.

உன் அக்கா,
சித்ரா